விருத்தாசலத்தில் ஒரு நாழிகை

விருத்தாசலத்துக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு பலாப்பழம் என்னை ஊராருக்கு அறிமுகப்படுத்திவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ருட்டி அம்மா அதை எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகச் சாய்த்து வைத்திருந்தார். குறுக்கே ஆட்டு மந்தை வந்து டிரைவர் பிரேக் போட்டதும் பழம் எழுந்து நடைபாதையில் உருண்டு போய் அவர் காலடியில் நின்றது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "யாருதுங்க இது, டிக்கெட் எடுக்காம முன்னாடி வந்து நிக்குது?"

பஸ்ஸே சிரித்தது. பழத்தை மீட்டு வந்தவள் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த ஊரு என்று அந்த அம்மா கேட்டார். ஈப்போ என்றேன். அது மெட்ராஸுக்கு அந்தாண்டயா என்றார். ஆமாம், கொஞ்சம் அந்தாண்டதான் என்று சொல்லி வைத்தேன். நடுவில் ஒரு கடல் இருப்பதை அப்போது விளக்கத் தோன்றவில்லை.

ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வருஷா வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். இன்னும் குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். புதிதாகப் பிள்ளை சேர்க்க நினைக்கும் பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் உண்டு. அந்த நாளுக்குள் பின்புறக் காலி மனையில் ஒரு நேரத் தோட்டம் போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் வாயை விட்டவள் நான்தான். மனிதர்கள் நேரத்தை எப்படியெல்லாம் அளந்தார்கள் என்று பிள்ளைகள் நடந்து நடந்து பார்க்க வேண்டும். நட்ட குச்சியின் நிழல் வந்துவிட்டது. கோடு போட்ட மெழுகுவத்தி, சீனக் கோயிலில் கேட்டு வாங்கிய ஊதுவத்திக் கடிகாரம், மணல் கடிகாரம், மாமரக் கிளையில் ஊசல், எல்லாம் வந்துவிட்டன. நட்டநடுவில் வைக்க வேண்டிய நாழிகை வட்டில் மட்டும் அமையவில்லை.

அது ஒரு சாதாரணக் கிண்ணம். அடியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை. தண்ணீரில் மிதக்க விட்டால் துளை வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு நாழிகை ஆனதும், அதாவது இருபத்துநான்கு நிமிஷத்தில், கிண்ணம் மூழ்கிவிடும். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி விட வேண்டியதுதான். அரண்மனைகளில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே ஆட்கள் இருந்தார்கள். நாழிகைக் கணக்கர் என்று அவர்களுக்குப் பெயர். ராஜாவாக இருந்தாலும் மணி என்ன என்று இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்த காலம்.

முதலில் செம்பில் செய்தோம். எங்கள் ஊர் மழைக்குப் பச்சை பிடித்துத் துளை அடைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் மூழ்கவே மறுத்தது. பீங்கான்தான் சரி என்று தேடியபோது கிடைத்தவர் விருத்தாசலத்தில் சிறிய பீங்கான் பட்டறை வைத்திருக்கும் சகாயமேரி. அவர் அனுப்பிய முதல் பார்சல் பொடியாக வந்தது. இரண்டாவது பார்சலில் எல்லாம் முழுசாக இருந்தன, ஆனால் ஒன்றிலும் துளை இல்லை. பள்ளி விடுமுறை விட்டதும் நானே கிளம்பிவிட்டேன்.

பட்டறையில் இறங்கியதும் சகாயமேரி முதலில் கேட்டது, சாப்பிட்டீங்களா டீச்சர். அடுத்து, துளைங்க எங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. நாற்பது தாண்டிய, வேகமாக நடக்கிற பெண். ஃபியூஸ் கட்டைகளும் கொலு பொம்மைகளும் டீக் கோப்பைகளும் அடுக்கியிருந்த பலகைகளுக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு போய் விளக்கினார். கிண்ணத்துக்கு மேலே பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் சூளையில் உருகும்போது துளைக்குள் ஓடி அடைத்துக்கொள்கிறதாம். இந்த முறை துளையைச் சுற்றி மெழுகு தடவிவிட்டால் அங்கே கிளேஸ் ஒட்டாது. மெழுகு சூட்டில் எரிந்து போய்விடும். அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து கிண்ணங்களுக்கு மெழுகு தடவினோம்.

சூளை ஆள் ஏழுமலை அங்கேதான் அறிமுகமானார். நல்லூர்க்காரர், முப்பது வயதிருக்கும். மனைவி சங்கீதாவுக்கு இது தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே கிண்ணங்களைச் சூளைக்குள் அடுக்கினார். திங்கட்கிழமை விடியலில் சூளையைப் பத்தவைக்கலாம் என்று முடிவானது.

இரவு புரோட்டாவும் சால்னாவும். எங்கள் ஊரில் இதே புரோட்டாவுக்கு 'ரொட்டி சானாய்' என்று பெயர், பருப்புக் குழம்பில் நனையும். இங்கே சால்னாவில் குளிக்கிறது. சகாயமேரி என் இலையில் மூன்றாவதைப் போட்டுவிட்டு, வேண்டாம் என்று நான் சொன்னது காதில் விழாத மாதிரி அடுத்த மேசைக்காரரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகாயமேரி மாதா கோயிலுக்குப் போய்விட, நான் ஸ்ரீமுஷ்ணம் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே இரண்டு பிரைவேட் பஸ்களுக்குள் சண்டை. ஒரு பஸ் தன் நேரம் முடிந்தும் நகராமல் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஒலிபெருக்கி போல் கத்திக்கொண்டே டைம் கீப்பரின் ஜன்னலுக்கு ஓடினார். "ரெண்டு நிமிஷம்ங்க. என் ரெண்டு நிமிஷத்த அவன் தின்னுட்டு நிக்குறான்." முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டி, தின்னதை வழியில கக்கிடுறேன், வாயேன் என்றார். டைம் கீப்பர் ஒரு விசில் ஊதினார். இரண்டு பஸ்களும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. ஏற வேண்டிய நாங்கள் ஏழெட்டுப் பேர் கீழே நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மாவின் நினைவு வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷப் பிறப்பன்று எங்கள் பகுதியில் எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். நாட்டின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் ஒரே மணி காட்ட வேண்டும் என்று அரசாங்கம் எடுத்த முடிவு. அம்மா அதை ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை. தன் அரை மணித் தூக்கத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் வருவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு உச்சிப்பொழுது இருந்தது. சூரியன் உங்கள் தலைக்கு மேல் வந்தால் உங்களுக்குப் பன்னிரண்டு. ரயில்தான் எல்லா ஊர்களையும் பிடித்து ஒரே கடிகாரத்தில் கட்டியது. அன்று எத்தனை ஊர்கள் என் அம்மா மாதிரி முணுமுணுத்தனவோ.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பழைய காலத்தில் சொந்த நிழலைச் சொந்தக் காலால் அளந்து பொழுது சொல்வார்கள். அதைச் செய்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. நிழலின் தலை விழுந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். பிறகு குனிந்த தலையோடு, ஒரு காலின் விரலுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை வைத்து, அடி அடியாக நடந்தேன்.

பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். "தோடா மூக்குத்தியா?" என்று கேட்டார். எனக்குப் புரிவதற்குள் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். கற்பூரம் விற்றவர் வந்தார். தரிசனத்துக்கு வந்த ஒரு குடும்பம் முழுசாகச் சேர்ந்துகொண்டது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு வட்டமாக நகர்கிறார்கள், யாரும் தொலைத்தவளைக் கேட்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, ஒன்றும் தொலையவில்லை, மணி பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். பூக்காரப் பெண்ணுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, மணி என்னன்னாவது சொல்லுங்க என்றார். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். கற்பூரக்காரர் போனைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல தப்பு என்றார். என் தலைக்கு ஒரு முழம் பூ வைத்து அனுப்பினார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் பட்டறைக்குப் போனபோது சூளை உறுமிக்கொண்டிருந்தது. ஏழுமலை கதவில் இருந்த ஒரு சின்னச் செங்கல்லை உருவி, கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். கிண்ணங்களுக்கு முன்னால் விரல் உயரத்தில் மூன்று களிமண் கூம்புகள் நின்றன. அவற்றைக் கோன் என்கிறார்கள். மூன்றும் மூன்று சூட்டில் வளைய வேண்டும். நடுக்கோன் வளைந்து நுனி தரையைத் தொட்டால் வேக்காடு சரி. உடனே கேஸை நிறுத்த வேண்டும். விட்டால் கிண்ணங்களும் கோன் மாதிரியே வளைந்துவிடும். நேரத்தை அளக்க இத்தனை கருவிகளைச் சேர்த்து வைத்திருந்த எனக்கு இப்படி ஒன்று தெரியாது. எத்தனை மணி ஆயிற்று என்று அது சொல்லாது. வெந்துவிட்டதா என்று மட்டும் சொல்லும்.

மத்தியானம் கம்மங்கூழ் வண்டி வந்தது. மோர் மிளகாயைக் கடித்து எனக்குக் கண்ணில் நீர் வந்த நேரம் ஏழுமலையின் போன் அடித்தது. சங்கீதாவுக்கு வலி கண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்றார். சூளையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி சூளையைப் பார்த்தார். முதல் கோன் அப்போதுதான் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.

சகாயமேரி அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "நீ போ ஏழுமல. இத நானும் டீச்சரும் பாத்துக்குறோம்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் சகாயமேரி என்னிடம் சொன்னார். தானே சூளையை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டதாம். நான் வியாழக்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சூளை போனால் தோட்டத்தின் நடுவில் வெறும் தொட்டிதான் இருக்கும். ஆனாலும் அப்போது நாங்கள் இருவரும் கிண்ணங்களைப் பற்றிப் பேசவில்லை. சங்கீதாவைப் பற்றித்தான் பேசினோம்.

முறை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தோம். உள்ளே எல்லாமே ஒரே ஆரஞ்சு நிறம். கோன் எது, சுவர் எது என்று பிரிப்பதற்கே கண் பழக வேண்டியிருந்தது. முதல் கோன் படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து நடுக்கோன் நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சகாயமேரி போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

ஏழுமலை உடனே எடுத்தார். பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நிற்பதாகச் சொன்னார்.

"நடுக்கோன் சாஞ்சிருக்குது ஏழுமல. போதுமான்னு தெரியல."

"எப்படிக்கா சாஞ்சிருக்குது? கும்புடுற மாரியா, கால்ல வுழுற மாரியா?"

சகாயமேரி குனிந்து பார்த்தார். "கும்புடுது."

"அப்ப இருங்க. கால்ல வுழட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

போனில் யாரோ நடக்கும் சத்தம், ஒரு கதவு, ஒரு நர்ஸின் குரல். இந்தப் பக்கம் சூளையின் உறுமல். இப்போது கண்ணாடி என் கையில் இருந்தது. கோனின் நுனி இறங்கி, இறங்கி, தரையைத் தொட்டது. வுழுந்துடுச்சு என்று நானே கத்திவிட்டேன். நான் கத்தி முடிப்பதற்குள் போனிலிருந்து ஒரு அழுகை வந்தது. மெல்லிய, கோபமான, புத்தம்புது அழுகை.

சகாயமேரி கேஸை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சூளை அடங்கியதும் அழுகை இன்னும் தெளிவாகக் கேட்டது. பிறகு ஏழுமலை கேட்டார், "அக்கா, நிறுத்திட்டீங்களா?" நிறுத்திட்டேன்டா, உள்ள போய்ப் பாருடா என்று சகாயமேரி அழுதுகொண்டே திட்டியதும் லைன் அறுந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தார்கள். ஆனால் வராந்தாவில் வேறொரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. சங்கீதாவின் அப்பா கோவிந்தசாமி ஜாதகம் கணிக்க ஜோசியரைப் போனில் பிடித்து வைத்திருந்தார். நர்ஸ் எழுதிய நேரம் ஒன்று. அவர் கைக்கடிகாரம் காட்டிய நேரம் இன்னொன்று. சில நிமிஷம்தான் வித்தியாசம். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்கு நடுவில்தான் லக்னம் மாறுகிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஏழுமலையைக் கேட்டால், கோன் வுழுந்தப்ப பொறந்துச்சு என்கிறார். அதை ஜோசியரிடம் எப்படிச் சொல்வது என்று மாமனாருக்குக் கோபம்.

சகாயமேரிக்குத்தான் பொறி தட்டியது. தன் போனை எடுத்து, ஏழுமலையோடு பேசிய அழைப்பைக் காட்டினார். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது என்று அதில் இருந்தது. குழந்தை அழுத கையோடுதான் லைன் அறுந்தது. கூட்டிப் பார்த்தால் நர்ஸ் எழுதிய அதே நிமிஷம். கோவிந்தசாமி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார், குலுக்கினார், பையில் போட்டுக்கொண்டார்.

ஜோசியர் மறுமுனையில் சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை, இத்தனை விநாழிகை என்று வாசிக்க ஆரம்பித்தார். போனிலேயே ஒரு செயலி வைத்திருக்கிறாராம், தட்டினால் வந்துவிடுகிறதாம். நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளியில் நாழிகையைப் 'பண்டைய கால அளவுகள்' என்ற தலைப்பில் நடத்தி வந்தவள் நான். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு பெண்ணுக்கு அதில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைப்பை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சூளை ஆறுவதற்காக. சூட்டோடு திறந்தால் விரிசல் விடும் என்பதால் சகாயமேரி என்னைக் கதவுப் பக்கமே விடவில்லை. புதன்கிழமை காலை ஏழுமலை வந்து திறந்தார். வேட்டியில் சாக்லெட் மடித்துக்கொண்டு வந்திருந்தார், ஆளுக்கு இரண்டு. கிண்ணங்கள் நேராக, வெண்மையாக நின்றன. துளைகள் எல்லாம் திறந்திருந்தன.

வாளிகளில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்தோம். பட்டறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது, ஆளுக்கு ஒரு கிண்ணத்தின் கட்சி. எல்லாம் சீக்கிரமே மூழ்கின. கனமான கிண்ணம் நீரை வேகமாக உள்ளே தள்ளும் என்று நான் சொன்னேன். அப்ப எளைக்க வெச்சிடுவோம் என்று ஏழுமலை அடிப்பகுதியைச் சாணைக் கல்லில் தேய்த்தார். தேய்ப்பதும் விடுவதுமாக மத்தியானம் வரை போனது. ஒன்றிரண்டு அப்போதும் முன்னே பின்னேதான் இருந்தன. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை வைத்துப் பந்தயம் கட்டிக்கொள்ளட்டும். நல்லவையாக நான்கு தேறின. அதில் மூன்றையும் பந்தயக் கிண்ணங்களையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். ஒன்றைச் சங்கீதாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பிரசவ வார்டில் கட்டிலுக்கு ஒரு குழந்தை. சங்கீதா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் வூட்டுக்காரர் ஒரு மாசமாக இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். என்னதான் செய்யும்னு காட்டுங்க என்றார். கட்டிலுக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. சகாயமேரி தண்ணீர் பிடித்து வந்தார். கிண்ணத்தை விட்டேன். அது மிதந்தது, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் பெண் ஒருக்களித்து எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த கட்டில் பெண் தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். பாதி நிரம்பியபோது வாளியைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் இருந்தது.

அந்த நேரம் நர்ஸ் வந்தார். பார்வையாளர் நேரம் முடிஞ்சி போச்சு, எல்லாரும் வெளிய போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தவர், யாரும் திரும்பாததைப் பார்த்து, அப்படி என்னத்தப் பாக்குறீங்க என்று தலையை நுழைத்தார். இது முழுகினா ஒரு நாழிகைங்க என்று சங்கீதா சொன்னார். இதுவா என்றார் நர்ஸ். கையில் இருந்த அட்டையைக் கட்டிலில் வைத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார்.

கிண்ணம் விளிம்பு வரை தாழ்ந்து, அப்படியே தயங்கி நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூலைக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. நர்ஸ் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். அதே நொடியில் கிண்ணம் 'களுக்' என்று சொல்லிவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. வார்டு முழுக்கச் சிரிப்பு. தையல் வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க என்று யாரோ கெஞ்சினார்கள்.

நர்ஸ் வாளிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் பாக்கலியே" என்றார். "இன்னொரு தடவ விடுங்க."